தண்டனை பெற்றவர்கள் மட்டும் விண்ணப்பிக்கவும்

“எஃப்ரா, உன் தண்டனையை எனக்குக் குடு.”

காருக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களும் அசைவை நிறுத்தின. உள்ளே ஸ்பானர் தரையில் விழும் சத்தம் கேட்டது.

“எதைக் குடுக்கணும்?”

“தண்டனை. நீ ஹார்லோ ஜெயில்ல இருந்தியே, அது. கடையில பாதிக்கு மேல பங்கு உனக்கு. எழுதியே தரேன்.”

அந்தக் குடும்பத்தில் கேட்கக்கூடாத கேள்வி ஒன்றே ஒன்றுதான். அப்பா யாரோடு ஓடிப்போனார் என்று கேட்கலாம். கீழ்வீட்டு நெரெய்டாவுக்கு இது எத்தனையாவது புருஷன் என்று அவளிடமே கேட்கலாம். அண்ணன் எஃப்ராயின் ஹார்லோவில் இருந்த மாதங்களைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கக்கூடாது. அம்மா மிலாக்ரோஸ் போட்ட சட்டம் அது. தங்கை யாரிட்ஸா பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது போட்டது. அவள் பட்டம் வாங்கி, வேலைக்குப் போய், இன்று மதியம் வரை அதை மீறியதில்லை.

நடந்தது இவ்வளவுதான். எஃப்ராயினுக்குப் பதினெட்டு வயது. ஆகஸ்ட் கடைசியில், வடக்கே ஆப்பிள் தோட்டத்தில் வேலை என்று சொல்லிப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். ஒருமுறை போன் செய்தான். எந்த ஊரிலிருந்து பேசுகிறாய் என்று கேட்டதற்கு ஹார்லோ என்றான். அதைக் கேட்டுக்கொண்டிருந்த நெரெய்டா, “ஐயோ மிலாக்ரோஸ், ஹார்லோவா? எம் பையனும் அங்கதான் உள்ள இருக்கான்” என்று கட்டிப்பிடித்து அழுதாள். அம்மாவும் அழுதாள். மே மாதம் அவன் மெலிந்து திரும்பி வந்தான்.

அவர்கள் இருந்த பிராங்க்ஸ் பகுதியில் ஒரு பையன் சில மாதம் காணாமல் போய் மெலிந்து திரும்பினால், எங்கே போயிருந்தாய் என்று யாரும் கேட்பதில்லை. அது ஒரு மரியாதை. கோழியும் சோறும் ஆக்கிப் போட்டு, அவன் கொஞ்சம் சதை போடும்வரை வேறு பேச்சுப் பேசுவார்கள். அம்மாவும் கோழி ஆக்கிப் போட்டாள். கையோடு சட்டத்தையும் போட்டாள்.

அப்போதெல்லாம் கஞ்சாவுக்காக அவர்கள் குடியிருந்த கட்டிடத்திலிருந்து மாதம் ஒருவனைப் பிடித்துப் போவார்கள். இப்போது அதே கஞ்சாவுக்கு அரசாங்கமே உரிமம் தருகிறது. தருவதில் ஒரு நியாயமும் வைத்திருந்தது: முதல் சுற்றில், கஞ்சா வழக்கில் தண்டனை பெற்றவர்களுக்கு மட்டுமே கடை. அடித்த கையாலேயே மிட்டாய் கொடுப்பது மாதிரி.

யாரிட்ஸாவிடம் எல்லாம் இருந்தது. செடிகளைப் பற்றிய படிப்பில் பட்டம் இருந்தது; அந்தக் கட்டிடத்திலேயே பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். வேறொருவன் கடையில் கவுண்டரில் நின்ற அனுபவம் இருந்தது. பூட்டிக் கிடந்த செருப்புக் கடை ஒன்றை, மாசக் கடைசி வரை அவளுக்காகப் பிடித்து வைத்திருக்கும் கிழட்டு வீட்டுக்காரர் இருந்தார். பள்ளிக்கூடத்திலிருந்தும் கோயிலிலிருந்தும் இத்தனை தூரம் தள்ளி இருக்க வேண்டும் என்ற விதிக்குக் குறுக்கே ஒரே ஒரு சின்ன சர்ச் இருந்தது. பாஸ்டர் திடீரென்று அதைக் காலி செய்துகொண்டு போனார். அன்றுதான் யாரிட்ஸா வாழ்க்கையில் முதல்முறையாக மனமுருகி ஜெபம் செய்தாள்.

தண்டனைதான் இல்லை. இத்தனை வருஷம் ஒழுங்காக இருந்து தொலைத்த முட்டாள்தனம்.

எஃப்ராயின் காருக்கடியிலிருந்து வெளியே வந்தான். பெரிய உடம்பு, சின்னக் குரல். டயர் கடை அவனுடையது; மேலே ஒற்றை அறையில் குடியிருந்தான். துணியை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தான்.

“அது எங்கிட்ட இல்ல, நேனா.” தங்கையை அவன் செல்லமாகக் கூப்பிடுவது அப்படித்தான்.

“இல்லன்னா? அழிச்சிட்டாங்களா? பழைய கஞ்சா கேஸையெல்லாம் அழிக்கிறாங்களாமே.”

“நான் உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்…”

“கதை வேணாம், எஃப்ரா. காகிதம் வேணும். எந்தக் கோர்ட்டு? அதை மட்டும் சொல்லு.”

“கோர்ட்டே இல்ல.”

“கோர்ட்டு இல்லாமலேயே உள்ள போட்டாங்களா?” யாரிட்ஸாவின் முகம் சிவந்தது. “ஏழைன்னா எழுதாமக்கூடப் போட்டுடுவாங்களா? இதுக்கே தனியா ஒரு கேஸ் போடலாம் தெரியுமா?”

அவன் அவளைப் பார்த்தான். பிறகு காரைப் பார்த்தான்.

“விடு, யாரி. வேற வழி பாரு” என்று மறுபடியும் காருக்கடியில் போய்விட்டான்.

அவன் எப்போதும் அப்படித்தான். சிறையைப் பற்றி அவன் வாயிலிருந்து ஏதாவது வந்தது என்றால் அது ஒரே ஒருமுறை, அதுவும் சுற்றி வளைத்து. அவள் கல்லூரிக்குக் கிளம்பிய காலையில், பெட்டியை பஸ்ஸில் ஏற்றிவிட்டுச் சொன்னான்: “சாப்பாட்டுக் கூடத்துல ஓரமா உக்காராத. ஓரத்துல உக்காந்தா ஓரத்துலயே விட்டுடுவாங்க. மொத நாளே கூட்டமா இருக்கிற மேசையில போய்த் தட்டை வை. புரியலன்னா கேளு. மத்தவனுக்கும் புரிஞ்சிருக்காது, புரிஞ்ச மாதிரி மூஞ்சியை வச்சிருப்பான்.”

ஜெயில் அனுபவம் எல்லா இடத்துக்கும் பொருந்துகிறதே என்று அன்று யாரிட்ஸா அசந்து போனாள். ஆனால் அதன்படி நடக்கவில்லை. படிப்பு முடியும்வரை நூலகத்தின் பின்படிக்கட்டில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். அங்கே அவள் பேச்சைக் கேட்டு சிரித்தார்கள். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால், “பாரு, பெரிய மனுஷி மாதிரி பேசறா” என்று இங்கே சிரித்தார்கள். அதற்குப் பிறகு இரண்டு இடத்திலும் பேச்சைக் குறைத்துக்கொண்டு, கோபத்தை மட்டும் நன்றாக வளர்த்தாள்.

மறுநாள் நேராக நீதிமன்றப் பதிவு அறைக்குப் போனாள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண்மணி வாயில் புதினா மிட்டாயை உருட்டிக்கொண்டே பெயரைத் தட்டினாள்.

“எஃப்ராயின் ஃபெலிசியானோ. இல்லம்மா, அப்படி ஒரு கேஸே இல்ல.”

“அழிச்சதால இல்லையா, இல்ல இல்லவே இல்லையா?”

“அழிச்சாலும் இல்லன்னு வரும். இல்லன்னாலும் இல்லன்னு வரும்.”

“ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?”

“வித்தியாசம் தெரியக்கூடாது. சட்டத்தோட அழகே அதானே.”

“லைசென்ஸ் ஆபீஸ்ல தண்டனைக்கு அத்தாட்சி கேக்கறாங்க.”

“அழிக்கிறதுக்கு முன்னாடியே ஒரு நகல் வாங்கி வச்சிருக்கணும்.”

“அழிக்கப் போறோம்னு யாருக்கும் நீங்க சொல்லலையே!”

“முன்னாடியே சொன்னா அதுல என்ன சந்தோஷம் இருக்கு?” என்ற அந்தப் பெண்மணி, மிட்டாய் டப்பாவை ஜன்னல் வழியாக நீட்டினாள். “எடுத்துக்கங்க. உங்க அண்ணன் இப்ப சுத்தமான ஆளு. வாழ்த்துகள்.”

“நாசமாப் போச்சு” என்றாள் யாரிட்ஸா. மிட்டாயை எடுத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம், தான் வேலை பார்க்கும் கஞ்சாக் கடையில் முதலாளி பிராடியிடம் சொல்லிப் புலம்பினாள். அவன் தாடி வைத்த பணக்காரப் பையன். கஞ்சா இலைகளோடு தான் பேசுவதாகவும் அவை பதில் சொல்வதாகவும் வாடிக்கையாளர்களிடம் சொல்வான்.

“எனக்கும் இதே சோதனைதான், யாரி” என்று பெருமூச்சு விட்டான். “காலேஜ்ல படிக்கறப்ப என்னையும் கையும் களவுமா பிடிச்சாங்க. எங்கப்பா ஊர்லயே பெரிய வக்கீலை வச்சு ஒண்ணுமில்லாம பண்ணிட்டார். அன்னைக்கு மட்டும் ஒரு மட்டமான வக்கீலா வச்சிருந்தார்னா, இன்னைக்கு இந்தக் கடை எம் பேர்லயே இருந்திருக்கும்.”

அவன் கடை ஓட்டிஸ் என்பவர் பெயரில் இருந்தது. ஓட்டிஸ் ஐயாவுக்குப் பழைய கஞ்சா வழக்குகள் மூன்று. கடை திறந்த அன்று ரிப்பன் வெட்டினார். சுவரில் படம் மாட்டியிருந்தது. அதற்குப் பிறகு அவர் உள்ளே வந்தால் வாசல் காவலாளி அவரிடமே அடையாள அட்டை கேட்டான்.

யாரிட்ஸாவின் வேலை கண்ணாடிக் கவுண்டருக்குப் பின்னால் நிற்பது. இது தூக்கத்துக்கு, இது வலிக்கு, இந்த ஜெல்லி மிட்டாயை ஒன்றுக்கு மேல் தின்னாதீர்கள், வேலை செய்யவில்லை என்று அவசரப்பட்டு இரண்டாவது தின்றால் சுவரேறிப் போவீர்கள். நாள் முழுக்க இதையே சொல்வாள். வருகிறவர்கள் தங்கள் தூக்கமின்மையைப் பற்றியும், விவாகரத்தைப் பற்றியும், இறந்துபோன நாயைப் பற்றியும் அவளிடம் சொன்னார்கள். அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டவர் ஒருவரும் இல்லை. கேட்டிருந்தால் அடித்திருப்பாள், அது வேறு.

லைசென்ஸ் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். நீண்ட பாட்டுக்குப் பிறகு ஒரு குரல் வந்தது. அத்தாட்சி இல்லாவிட்டால், பெற்றவர்கள் யாராவது நேரில் வந்து, என் பிள்ளை சிறையில் இருந்தான் என்று சத்தியம் செய்து கையெழுத்திடலாம் என்றது.

பெற்றவள் ஒருத்திதான் இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மிலாக்ரோஸ் சர்ச்சிலிருந்து வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். எஃப்ராயின் மேசையில் உட்கார்ந்து பயறும் சோறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஞாயிறு மட்டும் அவன் அங்கே சாப்பிடுவான்.

“அம்மா, எஃப்ரா ஜெயில்ல இருந்தான்னு நீ ஒரு கையெழுத்துப் போடணும்.”

தொப்பி கீழே விழுந்தது.

“என்னடி சொன்ன?”

“ஒரே ஒரு கையெழுத்து.”

“நான் பெத்த பிள்ளையைத் திருடன்னு நானே எழுதிக் குடுக்கணுமா?”

“திருடன் இல்லம்மா. கஞ்சா. இப்ப அது கௌரவமான விஷயம்.”

“கௌரவமா! அவன் ஆப்பிள் தோட்டத்துல மேஸ்திரியா இருந்தான்னு சர்ச்ல சொல்லி வச்சிருக்கேன். இந்த வருஷ அறுவடைப் பண்டிகைக்கு ஆப்பிளைப் பத்திப் பேசறதுக்கு அவனைக் கூப்பிட்டிருக்காங்க!”

எஃப்ராயின் தலை நிமிர்ந்தது. “என்னையா?”

“நீ வாயை மூடிட்டுச் சாப்பிடு.” மிலாக்ரோஸ் மகளைப் பார்த்துத் திரும்பினாள். “இந்த வீட்ல கேக்கக்கூடாதுன்னு நான் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன். ஒண்ணே ஒண்ணு! உன்னைப் படிக்க வச்சது இதுக்கா? ஜெயிலுக்குப் போனவனோட அம்மான்னு நெரெய்டா இருக்கா, நானும் இருக்கேன், இந்தக் கட்டிடத்துல பாதிப் பேர் இருக்காங்க. அதை நான் தாங்கிக்கிட்டேன். போலீஸ்காரன் பண்றதுக்கு நாம என்ன பண்ண முடியும்? ஆனா பட்டதாரியோட அம்மான்னு இங்க நான் ஒருத்திதான். நீ மட்டும் அந்தக் காலேஜ்ல தோத்துட்டு வந்து நின்னிருந்தா, சத்தியமா அன்னைக்கே நான் செத்திருப்பேன். அந்த ஒண்ணையும் கொண்டுபோய்க் கஞ்சாக் கடையில வைக்கப் போறியா?”

எஃப்ராயின் தட்டில் ஸ்பூனை வைத்தான்.

“உப்பு கொஞ்சம் கம்மியா இருக்கும்மா” என்றான்.

அன்றிலிருந்து மிலாக்ரோஸ் மகளோடு பேசுவதை நிறுத்தினாள். சாப்பாட்டை மூடி வைப்பாள். மூடியைச் சத்தத்தோடு வைப்பாள். அதுதான் ‘சாப்பிட வா’. யாரிட்ஸா தன் அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டாள். அதில் அவளுக்கு நல்ல பயிற்சி இருந்தது.

மாசக் கடைசி நெருங்கியது. கோபமும் நெருங்கியது. ஒரு மதியம் கடையிலிருந்து கிளம்பி, சீருடைச் சட்டையோடு, கட்டிடத்துப் பையன்களையெல்லாம் வழக்கமாக அள்ளிக்கொண்டு போகும் தெருமுனைக்கு வந்தாள். பழைய தண்டனைதான் செல்லும், புதியது செல்லாது என்று விதியில் இருந்தது. அந்த நேரத்துக்கு அது அவளுக்கு ஞாபகம் வரவில்லை. ஒரு கஞ்சா சுருட்டைப் பற்ற வைத்துக்கொண்டு, அங்கே நின்றிருந்த இளம் போலீஸ்காரனின் முகத்துக்கு நேரே புகையை விட்டாள்.

“என்னைப் பிடிங்க.”

“எதுக்கு, மேடம்?”

“கண்ணு தெரியலையா? கஞ்சா.”

“இருபத்தொண்ணு ஆயிடுச்சா?”

“எப்பவோ ஆயிடுச்சு.”

“அப்ப என்ன பிரச்சினை?”

“பையில இன்னும் இருக்கு.”

அவன் எட்டிப் பார்த்தான். “அளவுக்குள்ளதான் இருக்கு.”

“நான் விக்கறேன்!”

“யாருக்கு?”

“உங்களுக்கு!”

“நான் டூட்டியில இருக்கேன், மேடம்.” அவன் குரலைத் தாழ்த்தினான். “ஆமா, இது என்ன ரகம்? எங்கம்மாவுக்கு முழங்கால் வலி. ராத்திரியெல்லாம் புலம்பறாங்க.”

யாரிட்ஸாவால் தன்னைத் தடுக்க முடியவில்லை. “முழங்காலுக்கு இது வேணாம். இது தூக்கத்துக்கு. அவங்களுக்குத் தைலம் வாங்கிக் குடுங்க, வயசானவங்க புகைக்க வேணாம். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடறாங்களா?”

“சாப்பிடறாங்க.”

“அப்ப முதல்ல டாக்டர்கிட்ட கேளுங்க. இந்த முனையில எங்க கட்டிடத்துப் பையன்களை எத்தனை பேரை அள்ளிட்டுப் போனீங்க, தெரியுமா உங்களுக்கு? இதே இடத்துல! இதே செடிக்கு!”

“அப்ப நான் பள்ளிக்கூடத்துல இருந்தேன், மேடம்” என்றான் அவன், உண்மையான வருத்தத்தோடு. “தைலம் எந்தக் கடையில நல்லாருக்கும்?”

சுற்றி நின்ற நாலு பேர் இதைப் படம் பிடித்தார்கள். சாயங்காலத்துக்குள் அது ஊர் முழுக்கச் சுற்றியது. கடைச் சட்டையைப் போட்டுக்கொண்டு தெருவில் புகைத்ததும், போலீஸ்காரனுக்கு விற்கிறேன் என்றதும் கடையின் உரிமத்துக்கே ஆபத்து என்று பிராடி அவளை வேலையை விட்டு அனுப்பினான். செடிகள் அவளுக்காக வருந்துவதாகவும் சொன்னான்.

எஃப்ராயினும் படத்தைப் பார்த்திருக்க வேண்டும். மறுநாள் வறுத்த வாழைக்காயும் பன்றி இறைச்சியும் வாங்கிக்கொண்டு அவள் அறைக்கு வந்து, கதவருகே நின்றான்.

“உனக்கு நான் என்ன செய்யணும், நேனா? பொய்யா ஒரு கையெழுத்து வேணும்னாலும் போடறேன். எங்க போடணும், சொல்லு.”

“பொய் எதுக்கு? உண்மையே இருக்கறப்ப? நாளைக்கு ஹார்லோவுக்கே போறேன். ஜெயில்ல எல்லாப் பேரும் எங்கயாவது இருக்கும்.”

அவன் முகம் மாறியது. “ஹார்லோவுக்குப் போகாத.”

“ஏன்?”

“அங்க ஒண்ணும் இல்ல. யாரி, நான் சொல்றதை ஒரு தடவை முழுசா…”

“நீ ஒண்ணும் சொல்ல வேணாம். உனக்கு வெக்கமா இருக்கு, எனக்குத் தெரியும்.” யாரிட்ஸா எழுந்து நின்றாள். “எனக்கு வெக்கம் இல்ல, எஃப்ரா. கேட்டுக்க. படிச்சவங்களோட இருந்து பார்த்துட்டேன். அங்க எவனும் எதையும் தாங்கினவன் இல்ல. நீ தாங்கின. இந்தக் குடும்பத்துல உருப்படியா யாராவது எதையாவது முடிச்சிருக்காங்கன்னா, நீ முடிச்சுட்டு வந்தியே அந்த ஜெயில், அதுதான்.”

எஃப்ராயின் வாயைத் திறந்தான். மூடினான். பிறகு சிரிக்கத் தொடங்கினான். கதவைப் பிடித்துக்கொண்டு, தோள்கள் குலுங்க, கண்ணில் நீர் வரும்வரை. யாரிட்ஸாவும் கூடச் சேர்ந்து கொஞ்சம் சிரித்தாள். எதற்கு என்று தெரியவில்லை. ரொம்ப நாளாயிற்று அப்படிச் சிரித்து.

“வாழைக்கா ஆறிடும்” என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

சனிக்கிழமை விடியலில் ஹார்லோ பஸ் கிளம்பும். பிராங்க்ஸின் பெண்கள் அதில் உள்ளே இருப்பவர்களைப் பார்க்கப் போவார்கள். மடியில் குழந்தை, பையில் உள்ளாடை, தலையில் சுருட்டும் கிளிப்புகள். சிறை வாசல் வந்ததும்தான் கிளிப்பைக் கழற்றி முடியை விரித்து விடுவார்கள். யாரிட்ஸா ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்தாள். பேச்சுக் கொடுத்தவர்களுக்கு ஆமாம், இல்லை என்றாள்.

சிறை அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி நல்லவர். இரண்டு கணினியில் தேடினார். பின்னறைக்குப் போய்ப் பழைய பதிவுகளிலும் தேடினார்.

“அந்தப் பேர்ல யாரும் இங்க இருந்ததில்லம்மா.”

“அழிச்சிருப்பீங்க.”

“கோர்ட்டுலதான் அழிப்பாங்க. இங்க வந்து தங்கினவங்க பேரு இங்க இருக்கும்.”

“மறைக்காதீங்க! ஒரு குளிர்காலம் முழுக்க எங்க அண்ணனை நீங்க உள்ள வச்சிருந்தீங்க. ஒத்துக்கங்க!”

அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“இருபது வருஷமா இந்த ஜன்னல்ல உக்காந்திருக்கேன். எம் பிள்ளை ஒண்ணும் பண்ணல, தப்பா உள்ள வச்சிருக்கீங்கன்னுதான் எல்லாரும் சண்டை போடுவாங்க. உள்ள வச்சிருந்தோம்னு ஒத்துக்கங்கன்னு சண்டை போடற மொத ஆளு நீங்கதான்.”

வரிசையில் நின்ற பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். யாரிட்ஸாவுக்குப் பின்னால் நின்ற ஒரு பெரிய அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

“உங்க அண்ணன் இங்க இருந்தப்ப அவனைப் பார்க்க யார் வந்தீங்க?”

“யாரும் வரல.”

“அம்மா?”

“இல்ல.”

“நீ?”

“அப்ப நான் சின்னப் பொண்ணு. அவனைப் பத்திப் பேசவே கூடாதுன்னு சொல்லிட்டாங்க.”

“திரும்பி வந்த பின்னாடியாவது, எப்படி இருந்துச்சுன்னு கேட்டீங்களா?”

அந்த அம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

“இப்ப மட்டும் என்னத்துக்கு வந்த?” என்று கேட்டுவிட்டு, முடியிலிருந்து கிளிப்பைக் கழற்றிக்கொண்டே ஜன்னல் பக்கம் போனாள்.

வெளியே வந்து, வேலியோரம் நின்று, வீட்டுக்காரக் கிழவருக்கு யாரிட்ஸா போன் செய்தாள். செருப்புக் கடையை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னாள். “கேஸ் கிடைக்கலையா?” என்று அவர் வருத்தத்தோடு கேட்டார். “எனக்கு வேணாம், அதை வச்சு நான் கடை நடத்த வேணாம்” என்றாள். சொன்னதும் மாசக் கடைசி என்ற ஒன்றே இல்லாமல் போயிற்று. பஸ் திரும்பக் கிளம்ப நேரம் இருந்தது. சாலைக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது.

கடைக்காரி டாட்டிக்கு அறுபது வயது இருக்கும். கேட்காமலே காப்பியை ஊற்றினாள்.

“உள்ள யாரைப் பார்க்க வந்த, கண்ணு?”

“யாரையும் இல்ல. எங்க அண்ணன் இங்க இருந்தான், முன்னாடி.” ஏன் என்று தெரியாமலே போனில் இருந்த படத்தைக் காட்டினாள். டயர் கடை வாசலில் எஃப்ராயின் நிற்கும் படம்.

டாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். முகம் மலர்ந்தது.

“அட, எஃப்ராயின்! குண்டாயிட்டானே! இவனைத் தெரியாம என்ன? சாயங்காலம் ஆனா போதும், இதோ இந்த ஓரத்து ஸ்டூல்ல வந்து உக்காந்துடுவான். எலுமிச்சை கேக் ஒரு துண்டு வாங்கி, கடையைச் சாத்தற வரைக்கும் வச்சுத் தின்னுவான். ‘இன்னைக்கு யார்கிட்டயாவது பேசினியாடா’ன்னு கேப்பேன். ‘இப்ப உங்ககிட்ட பேசறேனே’ம்பான்.”

யாரிட்ஸா காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“வெளிய விடுவாங்களா? நன்னடத்தைக்கா?”

“நடத்தைக்கு அவனுக்கு என்ன குறைச்சல்? தின்ன தட்டைக்கூட அவனே கழுவி வைப்பான். பண்டிகைக்கு ஊருக்குப் போகலையான்னா, பஸ்ஸுக்குக் காசில்லம்பான், தங்கச்சி நல்லாப் படிக்கிறாம்பான். பாவம், ஒரு சீவன் அவனைத் தேடி வந்ததில்ல.”

வெளியே பஸ் ஹாரன் அடித்தது. யாரிட்ஸா எழுந்து கோட்டை மாட்டினாள். கை சரியாக நுழையவில்லை. இரண்டாவது தடவை நுழைந்தது.

“இன்னைக்கு நேரா அவன்கிட்டதான் போகப் போறேன்” என்றாள், யாரோ இல்லை என்று மறுத்த மாதிரி. “காலில விழணும்னாலும் விழறேன். அத்தனை மாசம் அவன் ஜெயில்ல கிடந்தான். நாங்க ஒருத்தர் வந்து எட்டிப் பார்க்கல.”

கதவைத் தள்ளினாள். குளிர் உள்ளே வந்தது. அவள் ஒரு காலை வெளியே வைத்தபோது, பின்னால் காப்பிக் கெண்டியைக் கையில் பிடித்தபடி டாட்டி கூப்பிட்டுக் கேட்டாள்:

“ஏன் கண்ணு, எங்க ஊரு காலேஜைப் பாதியில விட்டுட்டுப் போனதுக்கெல்லாமா உங்க ஊர்ல ஜெயில்ல போடறாங்க?”